எல்லாம் இலவசம் என்றால் செலவு எங்கே?

12 ஜூன் 2024

வாசகர் ஒருவர் கேட்டது: "மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஃபீஸ் கிடையாது, பஸ் இலவசம், ஸ்காலர்ஷிப் வேறு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. பிறகும் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்?"

பாதி உண்மை என்பதால்தான் பதில் எழுதுகிறேன். நான் முழுப் பார்வையற்றவன். பி.ஏ., எம்.ஏ. இரண்டும் வரலாறு, இரண்டும் சென்னையில் அரசுக் கல்லூரியில். இப்போது ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களின் விண்ணப்பமெல்லாம் என் மேஜைக்கு வந்துதான் போகும். கண் தெரியாதவரிடம் காகிதத்தைக் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று எங்கள் அலுவலகத்துக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை.

அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணமே சில ஆயிரம்தான். அதைத் தள்ளுபடி செய்தால் மிச்சமாவதும் அவ்வளவுதான். நான் படித்தபோது என் பெரிய செலவு இன்னோர் ஆளின் நேரம். பாடம் வாசித்துக் காட்ட ஓர் ஆள், பரீட்சை எழுத ஓர் ஆள், புது இடத்துக்குப் போக ஓர் ஆள். நண்பர்கள் சும்மாதான் செய்தார்கள். மூன்று மணி நேரம் தொண்டை வற்ற வாசித்தவனைப் பரோட்டா வாங்கிக் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? இந்தப் பரோட்டாவுக்கு எந்த அரசாணையிலும் தலைப்பு இல்லை.

12 ஜூன், இரவு

எண்ணில்லாமல் பேசினால் புலம்பல் என்பார்கள். எண்கள் இதோ.

தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கல்வி உதவித்தொகை, இளநிலைப் பட்டத்துக்கு முன்பு ஆண்டுக்கு 6,000. இருமடங்காக்கியதால் இப்போது 12,000. முதுகலைக்கும் தொழிற்கல்விக்கும் 7,000 இருந்தது 14,000 ஆயிற்று. நல்ல காரியம், மறுக்கவில்லை. பார்வையற்ற மாணவருக்கு இதற்கு மேல் வாசிப்பாளர் உதவித்தொகை தனியாக உண்டு: பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 5,000.

5,000 ரூபாயைப் பத்து மாதத்துக்கு வகுத்தால் மாதம் 500. மாதத்தில் 25 நாள் வாசிக்கிறார்கள் என்றால் நாளுக்கு 20 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. வாசிக்கும் ஆள் ஒருவராக இருந்தால்.

15 ஜூன்

"பஸ் இலவசம்தானே" என்று இன்னொருவரும் எழுதிவிட்டார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. 2021இல் பெண்களுக்கு இலவசம் வந்தபோது கூடவே வந்தது. புறநகர், வெளியூர்ப் பேருந்தில் 75 விழுக்காடு சலுகை. கல்லூரிக்குப் போய்வர தனிப் பாஸ் இருக்கிறது. ரயிலில் பார்வையற்றோருக்கும், துணையின்றிப் பயணிக்க முடியாத கை கால் பாதிப்புள்ளோருக்கும் ஸ்லீப்பரில் 75 விழுக்காடு, துணைக்கு வருபவருக்கும் அதே. ரயில்வேக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் புத்திசாலிகள்: ஆள் கூட வருவார், அவருக்கும் செலவு உண்டு என்று டிக்கெட்டிலேயே எழுதி வைத்தார்கள். கல்வித் திட்டங்கள் எழுதியவர்கள் பயணம் போனதில்லை போலிருக்கிறது.

சக்கர நாற்காலிக்காரருக்கு இலவசம் என்பது, பேருந்தில் ஏற முடிந்தால்.

19 ஜூன்

தனிமடலில் ஓர் அம்மா. மகனுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்று நன்றாகத் தெரிகிறது. சான்றிதழில் 30 விழுக்காடு. "எதுவுமே கிடைக்காதா சார்?"

உதவித்தொகை கிடைக்காதும்மா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 விழுக்காடுதான் வாசல்படி. உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம், வயதில் ஐந்து ஆண்டு தளர்வு எல்லாம் அதற்கு மேலே இருப்பவர்களுக்கு. இந்த 5 விழுக்காடும் அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களுக்கு மட்டும்.

ஆனால் தேர்வறை வேறு. யு.பி.எஸ்.சி.க்கு எதிராக விகாஷ் குமார் என்பவர் போட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு ஸ்க்ரைப் (அவர் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதித் தருபவர்) கொடுக்க 40 விழுக்காடு கட்டாயமில்லை. விகாஷ் குமாருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. உங்கள் பையனுக்கு எழுதுவதில் சிரமமில்லை என்றால் இது பொருந்தாது. வகுப்பில் முன்வரிசையில், தெரியும் கண் பக்கம் போர்டு இருக்கிற மாதிரி உட்காரச் சொல்லுங்கள். அதற்குச் சான்றிதழ் வேண்டியதில்லை.

2 ஜூலை

மாநிலமா மத்தியமா எதற்கு விண்ணப்பிப்பது என்று சேர்க்கை முடிந்ததும் எல்லோரும் கேட்கிறார்கள். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை வாங்கினால் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. ஆகவே ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கும் பார்வையற்ற மாணவர், வீட்டிலிருந்து வந்துபோகிறார் என்று வையுங்கள். மத்தியத் திட்டத்தில் மாதம் 650. ஊன உதவி ஆண்டுக்கு 4,000 (மனவளர்ச்சி பாதிப்புக்கும் இதே தொகை, மற்றவர்களுக்கு 2,000). புத்தகத்துக்கு 1,500. பத்து மாதக் கணக்கில் 12,000. மாநிலம் தருவதும் 12,000! இதற்காக மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் போய் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, மாநிலத்தையே வாங்குங்கள். வாசிப்பாளர் தொகையும் அங்கேதான்.

மத்தியத் திட்டத்தில், விடுதியில் தங்கினால் 650 என்பது 950. பொறியியல், மருத்துவம் மாதிரிப் படிப்பென்றால் விடுதிக்கு 1,600. எல்லாவற்றையும்விடப் பெரிது, திரும்பி வராத கட்டாயக் கட்டணத்தை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை திருப்பித் தருகிறார்கள். சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தவருக்கு இதுதான் உயிர். பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுக்க மொத்தம் 17,000 இடம்தான், மதிப்பெண் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி பெற்ற டிப்ளமோ, டிகிரி என்றால் இரண்டையும் விட்டுவிட்டு சக்ஷம் உதவித்தொகைக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 50,000, குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதேயில்லை. ஏன் என்று புரியவில்லை.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 இந்தச் சண்டையில் சேராது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் அது கிடைக்கும்.

3 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இணையத்தில் விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். கல்லூரியில் இதற்குப் பொறுப்பான நோடல் ஆபீசர் சரிபார்த்து அனுப்பினால்தான் அது அடுத்த படிக்குப் போகும். எத்தனையோ விண்ணப்பங்கள் கல்லூரி லாகினிலேயே தூங்குகின்றன, பாஸ்வேர்டு தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். "அனுப்பியாச்சா சார்?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். நான் வாரம் ஒருமுறை கேட்கிறேன், என்னைக் கண்டாலே ஒருவர் டீக்குப் போய்விடுகிறார். காலடிச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

11 ஜூலை

பணம் எந்தக் கணக்கில் விழும் என்ற கேள்வி. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தீர்களோ அதில். விண்ணப்பத்தில் எழுதிய கணக்கில் விழும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், யாரோ எப்போதோ திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கில் போய் அது படுத்திருக்கும்.

வங்கி என்றதும் ஞாபகம் வருகிறது. என் மாணவிக்கு ஒரு வங்கிக் கிளையில் ஏ.டி.எம். கார்டு தர மறுத்தார்கள். "கண் தெரியாது, யாராவது ஏமாத்திடுவாங்க, அப்பா பேரையும் சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட்டா மாத்திக்கோம்மா." நல்லெண்ணம்தான். 2008 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது: பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர், காசோலைப் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று. அதை அச்செடுத்துக்கொண்டு போனாள். மேலாளர் வாசித்தார். கார்டு வந்தது. நல்லெண்ணத்தோடு சண்டை போடுவதுதான் கஷ்டம், திமிரோடு சண்டை போடுவது சுலபம்.

28 ஜூலை

ஸ்க்ரைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தார்கள். நீளமாகத்தான் வரும்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி (2024இல் இருந்த விதி இது, 2025 ஆகஸ்டில் இதற்குப் பதிலாகப் புது வழிகாட்டுதல் வந்தது), மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணிப் பரீட்சை என்றால் நான்கு மணி. ஸ்க்ரைப் இல்லாமல் தானே எழுதினாலும் இந்த நேரம் உண்டு. பார்வையற்றவர் கேட்டால் ஸ்க்ரைப் கொடுக்க வேண்டும். சொந்தமாக ஆள் கொண்டுவரலாம், அவர் படிப்பில் ஒருபடி குறைந்தவராக இருக்க வேண்டும். தேர்வு நடத்துபவர்கள் ஆள் கொடுத்தால், பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பார்க்க மாணவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். மொழிப் பாடத்துக்கு ஒருவர், மற்றதற்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

இனி நடப்பு. பரீட்சைக்கு முந்தின வாரம் பையன் விடுதி வாசலில் நிற்பான். "அண்ணா, வியாழக்கிழமை மதியம் ஃப்ரீயா?" வியாழக்கிழமை மதியம் ஃப்ரீயாக இருக்கும் தம்பிக்கும் பரீட்சை இருக்கும், அதே வாரம், அதே கல்லூரி. ஒருபடி குறைவு என்றால் எம்.ஏ. மாணவனுக்கு பி.ஏ. பையன் எழுதலாம், பி.ஏ. மாணவனுக்குப் பிளஸ் டூ படிக்கிறவன் எழுத வேண்டும். பிளஸ் டூ பையனை நவம்பர் மாதம் வேலைநாளில் நான்கு மணி நேரம் பள்ளியிலிருந்து யார் அனுப்புவார்கள்?

எனக்கு எழுதியவர்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம் நான் சொல்வதை எழுதும். இரண்டாவது ரகம் நான் சொல்வதைச் சுருக்கும். "இவ்ளோ எதுக்குண்ணா, பாயின்ட் வந்துருச்சுல்ல" என்று. மூன்றாவது ரகம் ஆபத்து, என்னைத் திருத்தும். முதலாம் பானிபட் போர் 1526 என்று நான் சொன்னேன், "1556ண்ணா, எனக்கு நல்லா தெரியும்" என்று அவன் தன்னம்பிக்கையோடு எழுதினான். இரண்டாம் பானிபட் அவன் பள்ளியில் படித்தது. ஸ்க்ரைப்போடு வாக்குவாதம் செய்தால் ஒழுங்கீனம் என்று கண்காணிப்பாளர் எழுந்து வருவார். பாபரை முப்பது ஆண்டு தாமதமாக வரவழைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

சிரிப்பாக இருக்கிறதா? இதில் கையெழுத்து அவனுடையது, எழுத்துப்பிழை அவனுடையது, மதிப்பெண் என்னுடையது. தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் எத்தனை பேர், ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் இழந்திருப்பார்கள்! அவர்கள் வாயில் சந்தி சரியாகத்தான் வந்திருக்கும்.

28 ஜூலை, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எனக்குப் பரீட்சை எழுதிய நண்பனே கூப்பிட்டான். முதல் ரகத்தில்தான் சேர்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

9 ஆகஸ்ட்

வாசகர்: "கூகுள், ஏ.ஐ. எல்லாம் வந்துவிட்டதே. இன்னும் ஏன் வாசிக்க ஆள்?"

நியாயமான கேள்வி. கணினித் திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கியது. இலவசம், தமிழும் வாசிக்கும். அச்சுப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்தால் தமிழை ஓரளவு பிழையில்லாமல் எடுத்துக் கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. அரசே பார்வையற்ற, காதுகேளாத கல்லூரி மாணவர்களுக்குச் செயலிகளோடு கைபேசி தருகிறது. பார்வையற்றோருக்கான சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகம் 2016இலிருந்து இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபிறகு, பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூலை லாபநோக்கமின்றி மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் இருந்தும் இடிக்கிற இடம் பாமினி. தமிழில் பாடக்குறிப்பு தட்டச்சு செய்கிற பலர் இன்றைக்கும் பாமினி, வானவில் எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். 'அம்மா' என்று அச்சில் தெரிவதைத் திரைவாசிப்பான் என்னிடம் "எம் கே செமிகோலன் கே எச்" என்று சொல்லும். நானூறு பக்கம் அப்படி! எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010இல்.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒட்டினால் ஒரு நிமிட வேலை. வேர்டு கோப்பாக இருந்தால். பி.டி.எஃப். ஆக இருந்தால் வரி உடையும், கால்கள் கொம்புகளை விட்டு ஓடும், திருத்த மறுபடி ஒரு கண் தெரிந்த ஆள் வேண்டும். ஆக, ஆசிரியர்களுக்கு: வாட்ஸ்அப் குழுவில் பாடக்குறிப்பு போடும்போது யூனிகோடில் போடுங்கள். செலவு இல்லை. என் சக ஆசிரியர் ஒருவர் "எனக்குப் பாமினிதான் கை வருது" என்றார். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழ் வரும் ஃபொனெடிக்கில் அடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது குட்மார்னிங்கூடத் தமிழில் அனுப்புகிறார், நிறுத்த முடியவில்லை.

22 ஆகஸ்ட்

முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், சக்கர நாற்காலி. ஜூன் 12இல் நான் எழுதியதற்கு இப்போது மறுப்பு: "நீங்க ஆளுக்குப் பணம் கேக்குறீங்க சார். எனக்கு ஆளே வேண்டாம். வழி இருந்தா நானே போய்க்குவேன்."

யோசிக்க வைத்துவிட்டார்.

அவர் சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். வகுப்பு இரண்டாம் மாடி. லிப்ட் இல்லை. இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல பையன்கள்தான், ஆனால் தினமும் காலையில் தன்னை இரண்டு பேர் தூக்குவதை வகுப்பே பார்க்கும். விடுதியில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், ஏறிப்போனால் கதவுக்கு முன்னால் ஒரு படி. கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகல். அதனால் காலை எழுந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மதியம் தலைவலி, மாதத்தில் ஒருமுறை சிறுநீர்த் தொற்று, மருத்துவச் செலவு. அம்மா ஊரில் நூறுநாள் வேலையையும் ஆட்டையும் விட்டுவிட்டு விடுதிக்குப் பக்கத்தில் ஓர் அறையெடுத்துத் தங்கியிருக்கிறார். அறை வாடகை, அம்மாவின் போன கூலி, இரண்டையும் எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினால் பையன்கள் வேண்டாம். கழிப்பறைக் கதவை அகலமாக்கினால் அம்மா ஊருக்குப் போகலாம். இதில் முதலாவதற்குச் செலவே கிடையாது, கால அட்டவணையில் அறை எண்ணை மாற்றினால் போதும். யு.ஜி.சி. 2022இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது கட்டடக் கலைஞர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நம் ஊர்ச் சாய்தளங்களில் பல, சாமான் ஏற்றுகிற லாரிப் பலகைகள்.

23 ஆகஸ்ட்

இரவெல்லாம் அவருடைய மறுப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் செலவையும் அப்படிப் பிரித்துப் பார்த்தால்? வாசிக்க ஆள் தேவைப்பட்டதில் பாதி, புத்தகம் படிக்கும் வடிவில் இல்லாததால். கூட வர ஆள் தேவைப்பட்டது, நடைபாதையில் டீக்கடையும் டிரான்ஸ்பார்மரும் இருந்ததால். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குறைவு. ஆனால் ஒன்றுமில்லாமல் போகாது. தசைச்சிதைவு உள்ள மாணவருக்குக் கதவு எவ்வளவு அகலமானாலும் எழுப்பி உட்கார வைக்க ஆள் வேண்டும். காதுகேளாத மாணவருக்கு வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். ஆளுக்கான பணமும் வேண்டும், வழியும் வேண்டும். எதற்கு எது என்று பிரிப்பதில்தான் எனக்கும் அந்த மாணவிக்கும் வித்தியாசம். அவர் பக்கம் நான் பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டேன்.

மத்திய அரசின் உதவித்தொகைகளில் டாப் கிளாஸ் என்ற திட்டத்தில் மட்டும் வாசிப்பாளர், உதவியாளர் செலவுக்கென்று மாதம் 2,000 தனியாக உண்டு. ஐ.ஐ.டி. மாதிரிப் பட்டியலிட்ட நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு, நாடு முழுக்க 300 பேருக்கு. யோசனை தெரிந்திருக்கிறது, 300 பேரோடு நின்றுவிட்டது.

24 ஆகஸ்ட்

சக்கர நாற்காலி மாணவியின் அம்மா விஷயத்தில் ஒரு தகவல். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு நலத்துறையின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை 2,000. இது உதவித்தொகைக் கணக்கில் வராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னொன்று, பேட்டரி சக்கர நாற்காலியும் அங்கேதான் கேட்க வேண்டும். தண்டுவடப் பாதிப்பு, தசைச்சிதைவு இருந்தால் முன்னுரிமை. இரண்டு காலும் பாதிக்கப்பட்டு, கை நன்றாக இருக்கும் கல்லூரி மாணவருக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். காத்திருக்க வேண்டும், ஆனால் வருகிறது. என் மாணவன் ஒருவன் வாங்கினான். முதல் வேலையாக என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பீச்சுக்குக் கூட்டிப்போனான். அவனுக்குக் கால் இல்லை, எனக்குக் கண் இல்லை, வண்டிக்கு நான்கு சக்கரம், ஒரு போலீஸ்காரர் நிறுத்தி யாரிடம் லைசென்ஸ் கேட்பது என்று தெரியாமல் அனுப்பிவிட்டார்.

5 செப்டம்பர்

காதுகேளாதவர்களை நான் ஒரே வரியில் கடந்துவிட்டதாக ஒரு தந்தை வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு அனுபவம் குறைவு, அதனால்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் காதுகேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. நடக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். பொதுக் கல்லூரியில் சேர்த்தால் அவர் மகள் சொன்ன பிரச்சினைதான் எங்கும்: ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டு பேசுவார், உதடு தெரியாது. இதைக் கேட்டபிறகு என் வகுப்பில் நான் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறேன் என்று மாணவர்களிடம் கேட்டேன். "ஜன்னலைப் பார்த்து சார்" என்றார்கள்.

14 அக்டோபர்

தேசியத் தளத்தில் விண்ணப்பிக்க வழக்கமாக அக்டோபர் இறுதிதான் கடைசி. தள்ளிப்போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள) அட்டை கைக்கு வரவில்லை என்றால் இணையத்தில் மின்-அட்டை இறங்குகிறதா பாருங்கள்.

16 அக்டோபர்

நேற்று உச்ச நீதிமன்றம், பேச்சுக் குறைபாடு 44 விழுக்காடு இருந்ததால் எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்ட மாணவருக்கு விரிவான தீர்ப்பைத் தந்திருக்கிறது. விழுக்காட்டை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளக் கூடாது, அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று குழு ஆராய வேண்டும் என்கிறது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன்? "உனக்கு இந்த குரூப் சரிவராது, தமிழோ வரலாறோ எடு" என்று பள்ளியிலேயே சொல்லித் திருப்பிவிடுவதை நாமெல்லோரும் கேட்டு வளர்ந்தோம். எனக்கு வரலாறு பிடித்தது, அது என் அதிர்ஷ்டம். கணக்குப் பிடித்த நண்பன் ஒருவனும் என்னோடு வரலாறுதான் படித்தான்.

30 அக்டோபர்

ஜூலையில் ஸ்க்ரைப் பற்றி எழுதியதற்கு மூன்றாமாண்டு மாணவன் ஒருவன், பார்வையற்றவன், என்னிடம் நேரில் வந்தான். "சார், கம்ப்யூட்டர்லயே எழுதக்கூடாதா?"

எழுதலாம். அதே 2018 வழிகாட்டுதலில் பிரெயில், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு என்று விடையளிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ள இடமிருக்கிறது. கணினியை ஒருநாள் முன்னதாகவே சோதித்துப் பார்க்கவும் விட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் தேர்வு முறையை மாற்றியமைக்கச் சொல்கிறது. நான் படித்தபோது கேட்கத் தோன்றவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

மனு எழுதினோம். தேர்வுப் பிரிவில் முதல் பதில்: "முன்மாதிரி இல்லை." இரண்டாவது பதில்: "காப்பி அடிச்சா?" இணையத்தைத் துண்டித்த கணினி, புதிய கோப்பு, பிழைதிருத்தி அணைப்பு, பக்கத்தில் கண்காணிப்பாளர், முடிந்ததும் அச்செடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் மாணவரும் கண்காணிப்பாளரும் கையெழுத்து என்று எழுதிக் கொடுத்தோம். மாணவன் தமிழ்99 விசைப்பலகையில் நன்றாக அடிப்பான், நான் அவனைவிட மெதுவு.

19 நவம்பர்

அனுமதி ஒரு தாளுக்கு மட்டும், சோதனையாக. ஹெட்போன் போடலாமா என்று ஒருநாள் முழுக்க விவாதம் நடந்தது. திரைவாசிப்பான் சத்தமாகப் பேசினால் பக்கத்து அறைக்கெல்லாம் விடை கேட்கும் என்று நான் சொன்னதும் ஹெட்போன் அனுமதிக்கப்பட்டது.

22 நவம்பர்

எழுதி முடித்தான். நான்கு மணி நேரம் முழுசாக எடுத்துக்கொண்டான். முதல் அரைமணி பிரின்டர் வேலை செய்யுமா என்ற பயத்திலேயே போயிற்றாம். நடுவில் ஒருமுறை கரண்ட் போனது, மடிக்கணினி என்பதால் தப்பித்தான். கட்டுரை ஒன்றை எழுதிவிட்டு, பிடிக்காமல் பாதியை அழித்து மறுபடி எழுதியிருக்கிறான். "ஸ்க்ரைப்கிட்ட அடிச்சுட்டு திரும்ப எழுதுன்னு சொன்னா மூஞ்சி மாறும் சார், அதனால முதல்ல சொன்னதையே விட்டுருவேன்" என்றான்.

மீதித் தாள்களுக்கு ஸ்க்ரைப்தான். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை, தமிழ் பிழையில்லாமல் எழுதுகிற பிளஸ் டூ பிள்ளை யாராவது தெரிந்தால் எழுதுங்கள்.